சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேல்ஸ் நாட்டு ராக் என்றதும் மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ், ஸ்டீரியோஃபோனிக்ஸ் இரண்டோடு நின்றுவிடுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். கேள்விகளை வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். டாங்கி பற்றிய பதிலையும் 'மூங்' என்ற ஆல்பம் பற்றிய பதிலையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்தவர் காசில் கூத்தடித்துவிட்டு, தங்கள் கைக்காசை மட்டும் மிகக் கவனமாகச் செலவு செய்த ஒரு குழுவின் கதை அந்த இரண்டு இடத்திலும்தான் இருக்கிறது.

யார் இவர்கள்?

1993இல் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் ஒன்றுசேர்ந்த ஐந்து பேர். க்ரிஃப் ரீஸ் பாடுவார், கிட்டார் வாசிப்பார், பெரும்பாலான பாட்டுகளை எழுதுகிறவரும் அவரே. ஹியூ பன்ஃபர்ட் இன்னொரு கிட்டார்; எல்லோரும் 'பன்ஃப்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிட்டோ ப்ரைஸ் பேஸ் கிட்டார். டாவித் யேயன் ட்ரம்ஸ். அவருடைய தம்பி கியான் கியாரன் கீபோர்டும் மற்ற மின்னணு வித்தைகளும்.

முதலில் கொஞ்ச காலம் பாடியவர் வேறொருவர், ரீஸ் இஃபான்ஸ். பிற்பாடு ஹாலிவுட் வரைக்கும் போன அதே நடிகர்தான். அவர் நடிக்கப் போனார், க்ரிஃப் மைக்கைப் பிடித்தார். முதல் ஆல்பத்திலிருந்து ஒன்பதாவது ஆல்பம் வரை ஆள் மாறவே இல்லை. ராக் குழுக்களில் இது அபூர்வம்.

அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

க்ரிஃபும் டாவித்தும் 'ஃபா கோஃபி பௌப்' என்ற வெல்ஷ் மொழிக் குழுவில் இருந்தார்கள். 1986இல் தொடங்கி 1993 வரை ஓடியது. டாவித் அதன்பின் காட்டடோனியா குழுவுக்கும் ஆரம்ப காலத்தில் ட்ரம்ஸ் வாசித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சூழல். எண்பதுகளின் கடைசியில் வெல்ஷ் மொழியில் பங்க், எலெக்ட்ரானிக், ரெக்கே என்று ஒரு தனி உலகமே இருந்தது. 'டட்ப்ளகி' மாதிரிக் குழுக்கள், 1988இல் மாணவர்கள் சிலர் தொடங்கிய 'ஆங்க்ஸ்ட்' என்ற லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்), சின்னச் சின்ன அரங்குகள். வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 1991 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 5 லட்சம் பேர்தான், மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனை சின்னக் கூட்டத்துக்குப் பாடுகிறவனுக்கு ஹிட் கொடுக்க வேண்டும் என்ற பதற்றம் இருக்காது. எப்படியும் பணம் வரப்போவதில்லை, பிறகு ஏன் பயப்பட வேண்டும்? அந்தத் துணிச்சலை இவர்கள் பெரிய மேடைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

'சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ்' என்ற பெயர் எப்படி வந்தது?

டி-ஷர்ட்டிலிருந்து. க்ரிஃபின் சகோதரி அச்சடித்த டி-ஷர்ட்டில் இருந்த வாசகம் அது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

வெல்ஷ் பெயர்களை எப்படிச் சொல்வது?

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் உச்சரிப்பை ஒட்டியே எழுதியிருக்கிறேன். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'க்ரஃப்', 'குட்டோ', 'டாஃபிட்' என்று படித்துவிடுவோம். அவர்கள் ஊரில் அது க்ரிஃப், கிட்டோ, டாவித். தப்பாகச் சொன்னால் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. லண்டன் அறிவிப்பாளர்கள் முப்பது வருடமாகத் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

'பரிசோதனை ராக்' என்கிறார்களே, காது கிழியுமா?

கிழியாது. சில இடங்களில் தவிர.

பரிசோதனை என்றதும் மெட்டே இல்லாத இரைச்சல், இருபது நிமிடம் ஒரே சுருதி என்று பலர் பயப்படுகிறார்கள். இவர்களிடம் மெட்டுக்குப் பஞ்சமே கிடையாது. அறுபதுகளின் அமெரிக்கக் கடற்கரைப் பாட்டுகளைப் போல அடுக்கடுக்காக ஒத்திசைக்கும் குரல்கள், ஒருமுறை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும் பல்லவிகள். பரிசோதனை எங்கே என்றால், அந்த மெட்டைக் கொண்டுபோய் எதன் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள் என்பதில். நாட்டுப்புறப் பாட்டு மாதிரித் தொடங்கும், முடியும்போது டெக்னோ ஓடிக்கொண்டிருக்கும். இவர்களின் இரண்டாவது ஆல்பமான ரேடியேட்டரின் கடைசிப் பாட்டு 'மவுன்டன் பீப்பிள்' அப்படித்தான்: மலைக்காட்டு மனிதர்களைப் பற்றிய நிதானமான பாட்டு கடைசியில் இயந்திரத் தாளத்துக்குள் போய் விழுகிறது.

ஒரே ஒரு பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 2001இல் வந்த 'ரிசெப்டகிள் ஃபார் தி ரெஸ்பெக்டபிள்'. தொடக்கத்தில் துள்ளலான சாதாரணப் பாப் பாட்டு. ரேடியோவில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நடுவில் பின்னணியில் 'நறுக் நறுக்' என்று யாரோ காய்கறி கடிக்கும் சத்தம், அதுவும் தாளத்தோடு. அப்புறம் வேகம் தணிந்து, குரல்கள் விரிந்து, அறுபதுகளின் ஒரு ஆர்கெஸ்ட்ரா பாட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். சரி, இதோடு முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் டெத் மெட்டல் உறுமல் ஆரம்பிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் நான்கு பாட்டு. ஒட்டுப்போட்ட இடம் தெரியவே தெரியாது. பாட்டுக்குப் பாட்டு இந்த வித்தை பலிக்கிறது என்று சொல்ல மாட்டேன், இதில் பலித்திருக்கிறது.

முதல் பதிவு எது? ஏதோ கின்னஸ் சாதனை என்கிறார்களே?

1995இல் ஆங்க்ஸ்ட் லேபிளில் வந்த நான்கு பாட்டு கொண்ட இ.பி. (ஆல்பத்தைவிடச் சின்ன இசைத்தட்டு). வடமேற்கு வேல்ஸின் ஆங்கிள்சி தீவில், பெயர்ப்பலகையைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகும் ஊர் ஒன்று உண்டு. லத்தீன் எழுத்தில் 58 எழுத்து. அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து, பின்னால் 'விண்வெளியில்' என்ற பொருளில் ஒரு வால் சேர்த்துவிட்டார்கள். உலகின் மிக நீளமான இ.பி. தலைப்பு என்று கின்னஸ் ஏற்றுக்கொண்டது. தலைப்பைத் தமிழில் எழுதிக் காட்டும்படி கேட்காதீர்கள். அதே வருடம் 'மூக் ட்ரூக்' என்ற இரண்டாவது இ.பி.யும் வந்தது.

க்ரியேஷன் ரெக்கார்ட்ஸ் இவர்களை எப்படிப் பிடித்தது?

லண்டனில் ஒரு கச்சேரியில். க்ரியேஷன் அப்போது ஒயாஸிஸ் குழுவின் வெற்றியால் கையில் காசு புரண்டுகொண்டிருந்த லேபிள். அதன் தலைவர் ஆலன் மெக்கீ கச்சேரி முடிந்ததும் வந்து, "நன்றாக இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் பாடினால் இன்னும் நன்றாக இருக்குமே" என்கிற பொருளில் யோசனை சொன்னாராம். அன்றைக்கு அவர்கள் பாடியதே ஆங்கிலத்தில்தான். வெல்ஷ் உச்சரிப்பு அப்படி இருந்திருக்கிறது! இந்தக் கதையைக் குழுவினர் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மெக்கீ உடனே ஒப்பந்தம் போட்டுவிட்டார்.

ஆங்கிலத்தில் பாடியதற்கு ஊரில் திட்டு விழவில்லையா?

விழுந்தது. தாய்மொழியில் பாடி வளர்ந்தவர்கள் காசுக்காக மொழி மாறிவிட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. சிறுபான்மை மொழி எதுவானாலும் அதைக் காப்பாற்றப் போராடியவர்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்பு, அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இவர்கள் வெல்ஷை விட்டுவிடவும் இல்லை. சிங்கிள்களின் (ஒரு பாட்டை முன்னிறுத்தி வரும் சின்ன இசைத்தட்டு) பின்பக்கத்தில் வெல்ஷ் பாட்டு வந்துகொண்டே இருந்தது, பேட்டிகளில் தங்களுக்குள் வெல்ஷில்தான் பேசிக்கொண்டார்கள். விமர்சனத்துக்கு முழுப் பதில் 2000இல் வந்தது. அதற்குக் கீழே வருகிறேன்.

'ஃபஸி லாஜிக்' எப்படிப்பட்ட ஆல்பம்?

1996 மே மாதம் வெளியானது. மன்மத் ஊருக்குப் பக்கத்தில், பண்ணைவீடு ஒன்றில் இருக்கும் ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். தயாரிப்பில் கைகொடுத்தவர் கோர்வெல் ஓவன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார். பிரிட்டன் தரவரிசையில் 23ஆம் இடம். அட்டை முழுக்க ஹவர்ட் மார்க்ஸின் பாஸ்போர்ட் புகைப்படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேஷம். வேல்ஸ்காரரான அவர் ஒரு காலத்தில் பெரிய கஞ்சா கடத்தல்காரர், சிறையிலிருந்து வந்தபின் எழுத்தாளர். ஆல்பத்தில் அவர் பெயரிலேயே ஒரு பாட்டும் உண்டு.

பாட்டுகள் வேகமானவை, சின்னவை, கிட்டார் முன்னால் நிற்பவை. அப்போது பிரிட்பாப் என்ற பிரிட்டிஷ் கிட்டார் பாப் அலை அடித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெட்டியிலேயே இவர்களையும் போட்டார்கள். பெட்டி கொஞ்ச நாள்தான் தாங்கியது.

உண்மையிலேயே டாங்கி வாங்கினார்களா?

வாங்கினார்கள். பொம்மை இல்லை, ராணுவத்தில் ஓடிய நிஜ வண்டி.

லேபிள் விளம்பரத்துக்கென்று பணம் ஒதுக்கியிருந்தது. இசைப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுப்பது வழக்கம். இவர்கள், 'அந்தக் காசுக்கு ஒரு டாங்கி வாங்கிக் கொடுங்கள்' என்றார்கள். மெக்கீயும் சரி என்றுவிட்டார். அந்த லேபிளில் அந்த வருடம் எதைக் கேட்டாலும் கிடைத்திருக்கும் போல.

நீல வண்ணம் அடித்து, உள்ளே பெரிய ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, 1996 கோடை முழுக்க விழாக்களுக்கு ஓட்டிக்கொண்டு போய் டெக்னோ இசையை அலறவிட்டார்கள். குண்டு வர வேண்டிய இடத்திலிருந்து தாளம் வந்தது. அந்த வருடம் லாண்டைலோவில் நடந்த தேசிய ஐஸ்டெட்ஃபாட் விழாவுக்கும் டாங்கி போனது. ஐஸ்டெட்ஃபாட் என்பது வெல்ஷ் கவிதைக்கும் இசைக்குமான வருடாந்திரப் பெருவிழா. ஆங்கிலத்துக்கு அங்கே மேடையில் இடமில்லை. பரிசு பெறும் கவிஞருக்கு நாற்காலி கொடுக்கும் சடங்கில், தலைமைப் புலவர் உறையிலிருந்து வாளைப் பாதி உருவிப் பிடித்து "அமைதி உண்டா?" என்று மூன்று தடவை கேட்பார், கூட்டம் "அமைதி!" என்று திருப்பிச் சொல்லும். அந்தக் கேள்வியைத்தான் டாங்கியின் மேல் எழுதி வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரனுக்கு அது வெறும் வண்டி. சின்ன வயதிலிருந்து அந்தச் சடங்கைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வயிறு குலுங்கும் நகைச்சுவை, கூடவே கொஞ்சம் குத்தல்.

பிறகு டாங்கி என்ன ஆயிற்று? ஈகிள்ஸ் குழுவின் டான் ஹென்லி வாங்கிக்கொண்டார் என்று க்ரிஃப் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கெட்ட வார்த்தைப் பாட்டு என்ன கதை?

'தி மேன் டோன்ட் கிவ் எ...' என்று தொடங்கும் தலைப்பு. கடைசிச் சொல்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 1996 டிசம்பரில் வந்தது, அந்தச் சொல் பாட்டுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் வருகிறது. ரேடியோ தொடவே இல்லை, அப்படியும் 22ஆம் இடம்.

ஸ்டீலி டான் குழுவின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து ஒரே ஒரு வரியை வெட்டி, அதையே சுழலவிட்டுக் கட்டிய பாட்டு இது. முதலில் இன்னொரு சிங்கிளின் பின்பக்கத்தில் போடத்தான் நினைத்தார்கள். உரிமைக்காரர்களின் அனுமதி நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது நிபந்தனையோடு வந்தது: ராயல்டியில் 95 சதவீதம் அவர்களுக்கு. இவர்களும் சம்மதித்துத் தனி சிங்கிளாகவே வெளியிட்டார்கள். பெயருக்குத்தான் தங்கள் பாட்டு, காசு வேறு வீட்டுக்கு. அட்டையில் ராபின் ஃப்ரைடே; கார்டிஃப் சிட்டிக்கும் ரெடிங்குக்கும் ஆடிய, யாருக்கும் அடங்காத கால்பந்து வீரர். கோல் போட்டுவிட்டு எதிரணி கோல்கீப்பரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டும் (பிரிட்டனில் அது வசவு) படம்.

மேடையில் பெரும்பாலும் கடைசிப் பாட்டு இதுதான். அரைமணி நேரம் வரைக்கும் இழுப்பார்கள். 2004இல் 22 நிமிட மேடைப் பதிவு ஒன்றை சிங்கிளாகவே விட்டார்கள், அது மூலப் பாட்டைவிட மேலே, 16ஆம் இடத்துக்கு ஏறியது.

'ரேடியேட்டர்', 'கெரில்லா' இரண்டில் எது மேல்?

ரேடியேட்டர். 1997இல் வந்தது, 8ஆம் இடம் வரை போனது. கியானின் மின்னணு ஒலி கிட்டாருக்குப் பின்னால் ஒளிந்து நிற்காமல் சரிசமமாக நிற்க ஆரம்பித்த ஆல்பம். ஐன்ஸ்டைனின் அப்பா அம்மா காதல் கதை ஒரு பாட்டில் வருகிறது (ஹெர்மன், பவுலின் என்பது அவர்கள் பெயர்). 'டீமன்ஸ்' என்ற பாட்டில் ட்ரம்பெட் வரும் இடத்தை இன்றைக்குக் கேட்டாலும் சிலிர்க்கும்.

கெரில்லா 1999இல், பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் ஸ்டுடியோவில், தாங்களே தயாரித்தது. செல்போன் மோகத்தைக் கிண்டலடிக்கும் பாட்டு, எல் நின்யோ பருவக்கோளாறைப் பற்றி ஸ்டீல் ட்ரம் சத்தத்தோடு ஒரு பாட்டு. வேடிக்கையான ஆல்பம், ஆனால் கொஞ்சம் சிதறல். எல் நின்யோ பாட்டான 'நார்தர்ன் லைட்ஸ்' 11ஆம் இடத்தில் நின்றுவிட்டது. இவர்கள் பெரிய ஹிட் என்று நம்பியது அதைத்தான்.

'மூங்' ஏன் இவ்வளவு முக்கியம்?

கெரில்லா எதிர்பார்த்த அளவு ஓடாததும், 'பாப் வேலைநிறுத்தம்' செய்கிறோம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்த வேலைநிறுத்தத்தின் விளைவு மூங். முழுக்க வெல்ஷ். 2000 மே மாதம் வெளியானது. பெயருக்குப் பிடரி மயிர் என்று பொருள்.

சூழ்நிலையைப் பாருங்கள். க்ரியேஷன் லேபிள் மூடுவிழா நடத்திக்கொண்டிருந்தது. இவர்கள் சண்டை சச்சரவு இல்லாமல் வெளியே வந்து, ஆல்பத்தின் உரிமையைத் தாங்களே வாங்கிக்கொண்டு, 'ப்ளாசிட் காஷுவல்' என்று சொந்த லேபிள் தொடங்கி அதில் வெளியிட்டார்கள். கோர்வெல் ஓவனின் வீட்டு ஸ்டுடியோ ஆங்கிள்சி தீவில் இருக்கிறது. அங்கே ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்து வாசித்ததைப் பெரும்பாலும் அப்படியே பதிவு செய்தார்கள். மொத்தச் செலவு சுமார் 6,000 பவுண்டு. டாங்கிக்கும் டெக்னோவுக்கும் அடுத்தவர் காசு தண்ணீராக ஓடியது. சொந்தக் காசைப் போட்டபோது ஆடம்பரம் ஒன்றுகூட இல்லை, ட்ரம்ஸின் மேல் தூசு பறப்பதுகூடக் காதில் விழும் போல ஒரு நெருக்கம்.

உள்ளே இருப்பதும் விளையாட்டுத்தனம் குறைந்த பாட்டுகள். இளைஞர்கள் வெளியேறிக் காலியாகும் கிராமங்கள், தெற்கிலிருந்து வடக்கே வேல்ஸின் குறுக்கே ஓடும் சார்ன் ஹெலன் என்ற ரோமர் காலச் சாலை, தலைக்குப் பின்னாலும் கண் வைத்திருந்த பள்ளி ஆசிரியை. டட்ப்ளகி குழுவின் ஒரு பாட்டையும் எடுத்துப் பாடியிருக்கிறார்கள். தங்களை வளர்த்த பழைய வெல்ஷ் மேடைக்கு வைத்த மொய் அது.

யார் வாங்குவார்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில்: பிரிட்டன் தரவரிசையில் 11ஆம் இடம். வெல்ஷ் மொழி ஆல்பம் எதுவும் அதுவரை அந்த உயரத்தைத் தொட்டதில்லை. வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் எம்.பி. எல்ஃபின் லூயிட், நாடாளுமன்றத்தில் இதைப் பாராட்டித் தீர்மானம் கொண்டுவந்தார். கெட்ட வார்த்தைப் பாட்டு பாடியவர்களுக்கு நான்கே வருடத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் பாராட்டு!

பால் மெக்கார்ட்னி கேரட் கடித்தார் என்பது கட்டுக்கதையா?

நிஜம். மேலே சொன்ன 'நறுக் நறுக்' அவர்தான். கேரட்டா செலரியா என்பதில் கொஞ்சம் இழுபறி உண்டு. 1960களில் பீச் பாய்ஸ் பாட்டு ஒன்றில் மெக்கார்ட்னி இப்படிக் காய்கறி கடித்ததாக ஒரு கதை உண்டு. அதை மனதில் வைத்துத்தான் கேட்டார்கள். அதற்கு முன்பே 2000இல் அவருடைய 'லிவர்பூல் சவுண்ட் கொலாஜ்' ஆல்பத்துக்கு இவர்கள் வேலை செய்து கொடுத்திருந்தார்கள், அந்த நட்பு.

அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பம் 'ரிங்ஸ் அரௌண்ட் தி வேர்ல்ட்'. சோனியின் எபிக் லேபிளில் 2001 ஜூலையில் வந்தது. 3ஆம் இடம், இவர்கள் தொட்ட உச்சம். வெல்வெட் அண்டர்கிரவுண்டின் ஜான் கேல், அவரும் வேல்ஸ்காரர்தான், ஒரு பாட்டுக்குப் பியானோ வாசித்தார். அந்தப் பாட்டு அமெரிக்க அதிபர் கிளின்டனின் லெவின்ஸ்கி விவகாரத்தைப் பற்றியது. வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் கொடுக்கும் மெர்க்குரி பரிசுப் பட்டியலிலும் ஆல்பம் இடம் பிடித்தது, பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போனது.

இதைவிட முக்கியமான விஷயம், சி.டி. வந்த அன்றைக்கே டி.வி.டி.யாகவும் வந்த உலகின் முதல் ஆல்பம் இது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம், ஆறு ஒலிபெருக்கிகளில் சுற்றிச் சுழலும் ஒலி. பெரிய கம்பெனி காசு கொடுத்ததும் டாங்கி காலத்துப் புத்தி திரும்பி வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது எத்தனை வீட்டில் அந்த ஒலிபெருக்கி வசதி இருந்தது என்று எபிக் கணக்குப் போட்டதோ என்னவோ.

'ஜக்ஸ்டபோஸ்ட் வித் யு' பாட்டில் குரல் ஏன் ரோபோ மாதிரி?

இருவர் சேர்ந்து பாடும் பாட்டாக எழுதினார்கள். பாபி பிரவுனைக் கேட்டார்கள், ஈஸ்ட் 17 குழுவின் பிரையன் ஹார்வியைக் கேட்டார்கள், இருவரும் வரவில்லை. கடைசியில் க்ரிஃப் தானே, குரலை இயந்திரக் குரலாக்கும் வோகோடர் என்ற கருவி வழியாக இன்னொரு ஆளாகவும் பாடிவிட்டார். வராதவர்களுக்கு நன்றி.

கோக்கோ கோலா விளம்பரத்தை மறுத்தார்களாமே?

ஆமாம். 'ஹலோ சன்ஷைன்' என்ற பாட்டைப் பெரிய தொகைக்குக் கேட்டார்கள், இவர்கள் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் தரவரிசையில் இவர்கள் இருந்த இடத்தை வைத்துப் பார்த்தால் சுலபமான முடிவு இல்லை.

அதற்குப் பின் வந்த ஆல்பங்கள்?

'ஃபாண்டம் பவர்' (2003, 4ஆம் இடம்). ஹலோ சன்ஷைன் இதில்தான். கிட்டாரின் ஆறு கம்பிகளையும் டி-ஏ-டி-டி-ஏ-டி என்று மாற்றிச் சுருதி கூட்டி எழுதிய பாட்டுகள் நிறைய. சேர்த்துப் படித்தால் 'டாட் டாட்' என்று வருவதால் அதில் இரண்டு வாத்தியத் துண்டுகளுக்கு 'ஃபாதர் ஃபாதர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஃபாக்லாண்ட் போரைப் பற்றியும் பாட்டு உண்டு. கடைசியில் வரும் 'ஸ்லோ லைஃப்', மின்னணு இசையும் வயலின்களும் ஹார்மோனிக்காவும் ஒன்றாக உருகும் ஏழு நிமிடம். இவர்களின் ஆகச் சிறந்த பாட்டு என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

'லவ் கிராஃப்ட்' (2005) ஸ்பெயினில் பதிவானது, சாவகாசமானது. பன்ஃப் நீச்சல் குளத்தில் குதிக்கும் சத்தத்தோடு தொடங்கும். மற்றவர்களும் பாடுகிறார்கள். 'ஹே வீனஸ்!' (2007) ரஃப் டிரேட் லேபிளில். சின்ன, சுறுசுறுப்பான பாப் ஆல்பம், அவ்வளவுதான். 'டார்க் டேஸ்/லைட் இயர்ஸ்' (2009) தாளத்தை முன்னால் வைத்து நீண்ட பாட்டுகளாகப் போகிறது. ஒரு பாட்டில் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டின் நிக் மெக்கார்த்தி ஜெர்மன் மொழியில் பேசுகிறார். தரவரிசையில் 23. முதல் ஆல்பம் நின்ற அதே இடம்.

அட்டையில் வரும் அந்த விநோதப் பிராணிகள் யார் வரைந்தவை?

பீட் ஃபவுலர், கார்டிஃப்காரர். ரேடியேட்டரிலிருந்து இவர்களுக்கு முகம் கொடுத்தவர். குழுவினர் தங்கள் முகத்தை அட்டையில் போடுவதே இல்லை என்பதால், ரசிகர்களுக்கு ஐவரையும்விட ஃபவுலரின் பூதங்கள்தான் பழக்கம். ஹே வீனஸ் அட்டை ஜப்பானிய ஓவியர் கெய்ச்சி தனாமி.

மேடையில் எப்படி இருப்பார்கள்?

ஒரு காலத்தில் காற்றடைத்த ராட்சதக் கரடிகளைக் கொண்டுபோனார்கள். பிறகு அரங்கின் நாலா பக்கமும் ஒலிபெருக்கி வைத்துச் சத்தத்தைச் சுற்றவிட்டார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் கம்ப்யூட்டரை ஓடவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். பாட்டு தன்பாட்டுக்கு ஓடும். திரும்பி வரும்போது ஐந்து பேரும் உடம்பு முழுக்க ரோமம் வைத்த யெட்டி (பனிமனிதன்) உடையில் இருப்பார்கள். க்ரிஃப் அதிகம் பேச மாட்டார். கூச்ச சுபாவம். 'கைதட்டுங்கள்', 'நன்றி' என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார், கூட்டம் காட்டியபடி செய்யும்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஒயாஸிஸ் அளவுக்குப் போகவில்லை?

ஒரு சிங்கிள்கூட முதல் பத்துக்குள் வந்ததில்லை. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஆளே மாறியது போல ஒலி மாறினால், போன ஆல்பத்துக்கு வந்தவர் அடுத்ததற்கு வருவார் என்ற உறுதி கிடையாது. பெரிதாகப் போக வாய்ப்பு வந்த நேரத்தில் வெல்ஷ் ஆல்பம் போட்டார்கள், விளம்பரக் காசை மறுத்தார்கள். லேபிளும் பல முறை மாறிற்று. துரதிர்ஷ்டம் என்று இதைச் சொல்ல முடியாது. பாதிக்கு மேல் அவர்களே தேர்ந்தெடுத்தது.

பிரிந்துவிட்டார்களா?

அப்படி அறிவிக்கவே இல்லை. 2010 வாக்கில் ஓய்வு என்று ஒதுங்கினார்கள். மூங் ஆல்பத்தின் மறுவெளியீட்டை ஒட்டி 2015இல் மேடைக்குத் திரும்பினார்கள். 2016இல் யூரோ கால்பந்துப் போட்டியில் வேல்ஸ் ஆடியபோது 'பிங் பாங்' என்று ஒரு பாட்டு விட்டார்கள். வேல்ஸ் அரையிறுதி வரை போனது, பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று ரசிகர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த வருடத்தோடு மறுபடி நீண்ட இடைவெளி. 2026இல் கச்சேரிகளுக்காக ஒன்றுசேர்வதாக 2025இல் அறிவித்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் தனித்தனியாக என்ன செய்தார்கள்?

க்ரிஃப் நிற்கவே இல்லை. 2005இல் வெல்ஷில் முதல் தனி ஆல்பம். 2011இல் வந்த 'ஹோட்டல் ஷாம்பூ'வுக்கு வெல்ஷ் இசைப் பரிசு, அந்தப் பரிசு தொடங்கிய முதல் வருடமே. அமெரிக்க இசைக் கலைஞர் பூம் பிப்போடு சேர்ந்து 'நியான் நியான்' என்ற பெயரில், கார் தொழிலதிபர் ஜான் டெலோரியனின் வாழ்க்கையை வைத்து ஒரு ஆல்பம் (2008), அதுவும் மெர்க்குரி பட்டியலுக்குப் போனது.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது 'அமெரிக்கன் இன்டீரியர்' (2014). 1792இல் ஜான் எவன்ஸ் என்ற வேல்ஸ் இளைஞர், அமெரிக்காவின் உள்நாட்டில் வெல்ஷ் பேசும் பழங்குடியினர் இருக்கிறார்கள் என்ற கதையை நம்பிக் கப்பலேறினார். மிசூரி ஆற்றில் எதிர்த்துப் போய்த் தேடித் தேடி, அப்படி யாரும் இல்லை என்று கண்டுபிடித்தார். ஆனால் வழியில் வரைந்த வரைபடம் பின்னால் அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணத்துக்கு உதவியது. க்ரிஃப் அதே வழியில் கச்சேரி செய்துகொண்டே போனார், கையில் எவன்ஸின் துணிப் பொம்மையோடு. ஆல்பம், படம், புத்தகம், செயலி என்று நான்கு உருவத்தில் வந்தது.

மற்ற நால்வரும் சேர்ந்து 'தாஸ் கூலீஸ்' என்ற பெயரில் 2023இல் ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள், கிட்டாரைவிட மின்னணு அதிகம். டாவித் இதற்கு முன் பழைய நண்பர் ரீஸ் இஃபான்ஸைப் பாட வைத்து 'தி பேத்' என்ற குழுவும் நடத்தினார்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

பாட்டு மட்டும் போதும் என்றால் 2004இல் வந்த 'சாங்புக்' தொகுப்பு. முழு ஆல்பமாக வேண்டுமானால் ரேடியேட்டர், அது பிடித்தால் ரிங்ஸ் அரௌண்ட் தி வேர்ல்ட். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், இடதும் வலதும் வேறு வேறு வேலை செய்யும். மூங் ஆல்பத்தை மூன்றாவதாக வையுங்கள்.

வெல்ஷ் தெரியாமல் மூங் கேட்கலாமா?

தாராளமாக. அதை வாங்கியவர்களில் நிறையப் பேருக்கு வெல்ஷ் தெரியாது. 'அஸ்பைடியை ஹைலாக்' என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள், இரண்டாவது தடவை நீங்களே கூடச் சேர்ந்து பாடுவீர்கள். அப்புறம் 'பான் தௌர் வௌர்'. காலியாகிற கிராமத்தைப் பற்றிய பாட்டு அதுதான்.